ஏகாதசியா, பிரதோஷமா, சங்கடஹர சதுர்த்தியா: பங்குனியில் ஒரு விரதம் தொடங்குவதென்றால்

பத்து வருஷமாக எங்கள் வீட்டில் விரதக்காரர்களுக்குச் சமைத்துப் போடுகிற ஆள் நான். அம்மா ஏகாதசிக்காரி. மாமியார் மாதம் தவறாமல் சங்கடஹர சதுர்த்தி இருப்பவர். வீட்டுக்காரர் பிரதோஷத்தன்று ஆபீசில் பெர்மிஷன் போட்டுவிட்டுத் திருவானைக்காவலுக்குக் கிளம்பிவிடுவார். மூன்று பேருக்கும் மூன்று விதச் சமையல், மூன்று விதமான நேரம். நான் மட்டும் எதிலும் சேராமல், ஒரு கையில் காபி டம்ளரோடு எல்லாருக்கும் பாரணை, அதாவது விரதம் முடிக்கிற சாப்பாடு, பரிமாறிக்கொண்டிருந்தேன்.

போன மாசியில்தான் நாமும் ஒன்றைப் பிடித்துக்கொள்ளலாமே என்று தோன்றியது. கேட்டால் மூன்று பேரும் அவரவர் விரதத்தைத்தான் சிபாரிசு செய்தார்கள். சரி, ஒவ்வொன்றையும் இருந்தே பார்த்துவிடுவோம் என்று இறங்கினேன். எந்த விரதத்துக்கு என்ன பலன் என்பது இங்கே பேச்சில்லை. அதற்குப் பஞ்சாங்கத்தின் பின்பக்கமே போதும். வேலைக்குப் போகிற, திருச்சி வெயிலில் வண்டி ஓட்டுகிற, காலைக் காபி இல்லாவிட்டால் பத்து மணிக்குத் தலைவலி வருகிற ஒருத்தி எதைத் தொடங்கினால் விடாமல் தொடர முடியும் என்பதுதான் என் கேள்வி.

முதலில் எனக்குப் புரியாமல் இருந்து, அப்புறம் புரிந்த ஒன்று. இந்த விரதங்கள் எல்லாமே திதியை, அதாவது சந்திரக் கணக்கு நாளை, வைத்து வருபவை. ஆனால் அந்தத் திதி நாளின் எந்த வேளையில் இருக்க வேண்டும் என்பது விரதத்துக்கு விரதம் மாறும். ஏகாதசிக்குச் சூரிய உதயத்தில் திதி இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். ராம நவமிக்கு உச்சிப்பொழுதில். பிரதோஷத்துக்கு அஸ்தமனத்தில் திரயோதசி இருக்க வேண்டும். சங்கடஹர சதுர்த்திக்குச் சந்திரன் உதிக்கும்போது சதுர்த்தி. சிவராத்திரிக்கு நடுநிசியில் சதுர்த்தசி. எந்த வேளையைப் பார்க்கிறார்களோ, ஏறக்குறைய அந்த வேளையில்தான் பூஜையும் வருகிறது, பல விரதங்களில் சாப்பாடும் அதை ஒட்டியே வருகிறது. எந்த விரதம் என்று தேர்ந்தெடுப்பது எந்த வேளை வரை பசியோடு இருப்பது என்று தேர்ந்தெடுப்பதுதான். இது தெரிந்ததும் குழப்பம் பாதி தீர்ந்துவிட்டது.

திதி ஏன் நம் தேதியோடு ஒத்துப்போவதில்லை என்றால், அதன் நீளமே நிலையாக இல்லை. சந்திரன் சூரியனை விட்டு 12 பாகை விலகினால் ஒரு திதி. சந்திரன் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை என்பதால், ஒரு திதி 20 மணி நேரத்துக்குக் கிட்ட முடிந்துவிடும், இன்னொன்று 26 மணி நேரத்தையும் தாண்டும். பழைய கணக்கில் 54 நாழிகையிலிருந்து 65 நாழிகை வரை என்பார்கள். நாழிகை 24 நிமிஷம். அதனால் ஒரு திதி நாளுக்கு நடுவில் எங்கே வேண்டுமானாலும் தொடங்கும், எங்கே வேண்டுமானாலும் முடியும்.

இனி ஏகாதசி. கௌரவத்தில் இதுதான் முதல். கஷ்டத்திலும் இதுதான். மாதம் இரண்டு, வருஷத்துக்கு 24, அதிக மாதம் (சந்திரக் கணக்கில் கூடுதலாக வருகிற மாதம்) வந்தால் 26. 2026-இல் மே நடுவிலிருந்து ஜூன் நடுவரை அதிக மாதம் விழுவதால் அந்தக் கணக்கு 26. வசந்த காலத்தில் வருபவை ஆமலகீ, பாபமோசனி, காமதா, வரூதினி, மோகினி என்று ஒவ்வொன்றும் ஒரு பெயரோடு வரும். ஆமலகம் என்றால் நெல்லி. அந்த ஏகாதசியில் நெல்லி மரத்துக்குப் பூஜை.

ஏகாதசியை ஒரு நாள் விரதம் என்று நினைத்துத்தான் நான் உள்ளே போனேன். அது மூன்று நாள் வேலை. தசமி இரவு சாதம் கிடையாது. ஏகாதசி முழுவதும் அரிசி, பருப்பு தொடக் கூடாது. முடிந்தவர் முழுப் பட்டினி, முடியாதவர் பாலும் பழமும். இந்தப் 'பலாகாரம்' என்ற பழ உணவுதான் நாளடைவில் நம் வீடுகளில் 'பலகாரம்' ஆகி, கோதுமை ரவை உப்புமா வரைக்கும் வந்து நிற்கிறது. (இதைச் சொன்னால் அம்மா முறைப்பார். உப்புமா அவருடைய ஏகாதசியில் கிடையாது.) உண்மையான வேலை துவாதசி காலையில்தான். பாரணையை துவாதசி முடிவதற்குள் செய்தாக வேண்டும். துவாதசியின் முதல் கால் பாகம் ஹரிவாசரம், அதில் சாப்பிடக் கூடாது. சில மாதம் இந்த இரண்டுக்கும் நடுவே தாராளமாக நேரம் இருக்கும். சில மாதம் துவாதசி விடிந்து அரை மணியில் முடிந்துவிடும். அன்றைக்கு நாலு மணிக்கு அடுப்பு பற்ற வைத்தால்தான் ஆச்சு.

அந்தச் சமையலைப் பக்கத்திலிருந்து பார்த்தவளாகச் சொல்கிறேன். அகத்திக்கீரையை முந்தின இரவே ஆய்ந்து வைத்துவிட வேண்டும். காம்பிலிருந்து இலையை உருவி எடுப்பது பெரிய வேலை இல்லை. உருவினதும் கட்டு பாதியாகிவிடும், நறுக்கினால் அதிலும் பாதி, வதக்கினால் ஒரு கரண்டி. இரண்டு கட்டு வாங்கினால்தான் நாலு பேருக்குக் காணும். பாசிப்பருப்பு, தேங்காய்த்துருவல், கொஞ்சம் வெல்லம் போட்டாலும் அந்தக் கசப்பு போகாது. போகவும் கூடாது. கூடவே நெல்லிக்காய்த் தயிர்ப்பச்சடி, வறுத்த சுண்டைக்காய் வற்றல். எங்கள் வீட்டில் அன்று புளி கிடையாது. ஒரு நாள் முழுக்கக் காய்ந்த வயிற்றுக்கு அந்த முதல் கவளம் எப்படி இருக்கும் என்பதை நான் சமைத்துப் போட்ட பத்து வருஷத்தில் ஊகிக்கவே இல்லை. இருந்து பார்த்த அன்றுதான் தெரிந்தது.

ஆனால் நான் இருந்த முதல் ஏகாதசியே தப்பான நாளில். நியூ ஜெர்சியில் இருக்கும் அக்கா "இன்னைக்கு ஏகாதசி" என்று குடும்பக் குழுவில் செய்தி போட்டாள். நானும் பட்டினி கிடந்தேன். மாலையில் அம்மா போன் செய்து, "நாளைக்குடி" என்றார். இரண்டு பேருமே சரிதான். ஏகாதசி நமக்குச் செவ்வாய் மதியம் 2 மணிக்குத் தொடங்கி, புதன் மதியம் 1 மணிக்கு முடிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். திருச்சியில் புதன் உதயத்தில்தான் ஏகாதசி இருக்கிறது, அதனால் விரதம் புதன். கோடைக் கணக்கில் நியூ ஜெர்சி நமக்கு ஒன்பதரை மணி நேரம் பின்னால். அங்கே அதே திதி செவ்வாய் விடியற்காலை 4.30-க்குத் தொடங்கி, புதன் விடியற்காலை 3.30-க்கே முடிந்துவிடுகிறது. அவளுக்குச் செவ்வாய்தான். வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊர்க் காலண்டரைப் பார்த்து விரதம் இருப்பதில் இருக்கும் சிக்கல் இதுதான். நம் ஊரில் இருந்துகொண்டு அவர்கள் அனுப்பும் செய்தியை நம்புவதிலும் அதே சிக்கல்.

இதோடும் போகாது. காலண்டரில் அடுத்தடுத்த இரண்டு நாளிலும் ஏகாதசி என்று போட்டு, ஒன்றில் ஸ்மார்த்த, மற்றதில் வைஷ்ணவ என்று எழுதியிருப்பார்கள். உதயத்துக்கு 4 நாழிகை முன்னால், அதாவது அருணோதயத்தில், தசமி கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தாலும் வைணவர்கள் அந்த நாளை விட்டுவிட்டு மறுநாள் இருப்பார்கள். உங்கள் வீட்டு வழக்கம் எது என்று பெரியவர்களைக் கேட்டு ஒன்றில் நின்றுகொள்வது நல்லது. மாதாமாதம் எது வசதியோ அதைப் பார்த்துத் தாவினால், எதற்குமே விரதம் இருந்ததாகத் தோன்றாது.

பிரதோஷம் என்னைப் போன்றவர்களுக்குக் கொஞ்சம் இளகிய விரதம். வளர்பிறையில் ஒன்று, தேய்பிறையில் ஒன்று, மாதம் இரண்டு. காலையிலிருந்து சாப்பிடாமல் இருந்து, மாலை நாலரை மணியிலிருந்து ஆறு மணி வரை கோயிலில் நந்திக்கும் சிவனுக்கும் அபிஷேகம் பார்த்துவிட்டுச் சாப்பிடலாம். மறுநாளைக்கு ஒரு கடனும் இல்லை. உடம்புக்கு இது சுலபம். நேரம்தான் இடிக்கிறது. ஆபீசில் இருப்பவருக்கு நாலரை மணி என்பது அகப்படாத நேரம். வீட்டுக்காரர் போல் பெர்மிஷன் போட முடிந்தால் சரி. எனக்கு மாதம் இரண்டு முறை அது நடக்காது. வீட்டிலேயே விளக்கேற்றிக் கும்பிடலாம் என்பார்கள். கும்பிடலாம்தான். ஆனால் பிரதோஷத்தின் ருசியே அந்தக் கூட்டத்திலும், அருகம்புல் மாலைக்குள் பாதி மறைந்த நந்தியிலும், கையில் விழுகிற ஒரு பிடி காப்பரிசியிலும் இருக்கிறது. அது இல்லாமல் வெறும் பட்டினி மட்டும் எனக்கு ஒட்டவில்லை.

பங்குனி, சித்திரையில் இன்னொரு சங்கடம். நாலரை மணிக்கும் பிராகாரக் கல் அடுப்பாகத்தான் இருக்கும். நான் போன அன்று தேங்காய் நார் விரிப்பு போட்டிருந்த இடத்தை விட்டு இரண்டடி தள்ளிக் கால் வைத்துவிட்டேன். வலம் வருவதற்குப் பதில் குதித்துக்கொண்டே போய் நிழலில் நின்றேன். வெறும் வயிறு, உச்சந்தலையில் வெயில், கூட்ட நெரிசல் மூன்றும் சேர்ந்தால் தலை சுற்றும். பிரதோஷம் தொடங்க ஆசை இருந்தால் ஐப்பசி, கார்த்திகையில் தொடங்குங்கள். கோடையில் வேண்டாம் என்பேன்.

சங்கடஹர சதுர்த்தி மாதத்துக்கு ஒன்றுதான், பௌர்ணமிக்கு அடுத்து வருகிற தேய்பிறைச் சதுர்த்தி. பகல் முழுக்க விரதம் இருந்து, இரவில் சந்திரனைப் பார்த்து, பிள்ளையாருக்கு நைவேத்தியம் செய்துவிட்டுச் சாப்பிட வேண்டும். கோயிலில் மாலை அபிஷேகம் முடிந்ததுமே சாப்பிடுபவர்களும் உண்டு. மாமியார் நிலாவைப் பார்க்காமல் ஒரு வாய் வைக்க மாட்டார். நிலா வருவது ஒன்பது, ஒன்பதரை, சில மாதம் பத்துக்குக் கிட்ட. பார்த்தால் பிரதோஷத்தைவிட இது நீளமான பகல். அப்படியும் எனக்கு இது பிடித்துப்போனதற்குக் காரணம் உண்டு. ஆபீஸ் முடிந்து, பிள்ளைகள் வீட்டுப்பாடம் முடிந்து, அடுப்படி ஓய்ந்த பிறகுதான் இந்த விரதத்தின் முக்கியமான கட்டமே வருகிறது. யாரிடமும் பெர்மிஷன் கேட்க வேண்டாம். பாரணைக்காக நாலு மணிக்கு எழுந்திருக்கவும் வேண்டாம். ஆறு மணிக்கு மேல் வெயில் தணிந்த நேரத்தில் கொழுக்கட்டை மாவு கிளறிக்கொண்டிருந்தால் பசி கூடத் தெரியாது. வாசனைதான் கொஞ்சம் படுத்தும்.

இன்னொன்றும் உண்டு. இதற்குச் சாட்சி காலண்டர் இல்லை, மொட்டைமாடி. கார்த்திகையில் மேகம் மூடி, மாமியார் குடையோடு படியேறி இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். கடைசியில் நேரத்தைக் கணக்குப் போட்டு, கிழக்கைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுச் சாப்பிடுவார். பங்குனியிலும் சித்திரையிலும் வானம் பெரும்பாலும் துடைத்து வைத்ததுபோல் இருக்கும். பக்கத்து வீட்டு தண்ணீர் டேங்குக்கு மேலே, ஒரு பக்கம் கொஞ்சம் தேய்ந்த நிலா செம்மண் நிறத்தில் எழுந்து வரும். புதிதாகத் தொடங்குபவருக்கு இதைவிட நல்ல பருவம் கிடையாது.

மாதாமாதம் வேண்டாம், வருஷத்தில் ஒரு நாள் போதும் என்பவர்களுக்கும் இந்தப் பருவத்தில் குறைவில்லை. என் கணக்கில் ராம நவமிதான் வெள்ளோட்டத்துக்கு ஏற்றது. ராமன் பிறந்தது உச்சிப்பொழுதில். அதனால் அதிகாலையிலிருந்து நண்பகல் பூஜை வரை வெறும் வயிறாக இருந்தால் போதும் என்று வைத்துக்கொண்டவர்கள் நிறையப் பேர். முழு நாளும் இருப்பவர்களும் உண்டு. விரதம் முடிவது பானகத்தில். வெல்லத்தைக் கரைத்து வடிகட்டி, சுக்கும் ஏலக்காயும் தட்டிப்போட்டு, எலுமிச்சை பிழிந்து, கடுகளவு பச்சைக்கற்பூரம். மண்பானையில் வைத்தால் அதற்கு ஐஸ் தேவையே இல்லை. கூடவே நீர்மோரும் வடைப்பருப்பும். பங்குனி வெயிலுக்கு உடம்பு கேட்பதும் அதைத்தான்.

ராம நவமி பங்குனியில்தான் வரும் என்று நினைத்திருந்தேன். 2024-இல் அது ஏப்ரல் 17, சித்திரை 4. 2025-இல் ஏப்ரல் 6, பங்குனி. 2026-இல் மார்ச் கடைசிக்கே வந்துவிட்டது. சந்திர வருஷத்துக்கு 354 நாள்தான். நம் சூரியக் கணக்கைவிட வருஷத்துக்கு 11 நாள் போல முன்னால் நழுவும், அதிக மாதம் ஒன்று வந்து பின்னால் தள்ளும். 2026-இல் அதிக மாதம் வந்துபோவதால், 2027-இல் ராம நவமி மறுபடி ஏப்ரல் நடுவுக்குப் போய்விடும். இதற்கு நேர் எதிர் காரடையான் நோன்பு. அது மாசியும் பங்குனியும் கூடுகிற நேரத்தில், சூரியக் கணக்கில். திதி எதுவாக இருந்தாலும் அதற்குக் கவலையில்லை.

பங்குனி உத்திரம் நட்சத்திரத்தை வைத்து வருவது. ஸ்ரீரங்கத்தில் நம்பெருமாளும் தாயாரும் வருஷத்தில் ஒரே ஒரு நாள் சேர்ந்து உட்காரும் சேர்த்தி சேவை அன்றுதான். கொடுமுடியில் காவிரித் தண்ணீர் எடுத்துப் பழனிக்குக் காவடி போவதும் அந்த நாளுக்குத்தான். திருவிழாக் கூட்டத்தில் விரதம் தானாக நடந்துவிடும், தனியாகத் தொடங்குவதற்கு ஒன்றுமில்லை. சித்ரா பௌர்ணமியில் சித்திரகுப்தனை நினைத்து உப்பில்லாமல் சாப்பிடும் வழக்கம் உண்டு. யாழ்ப்பாணத்தில் அது தாயை இழந்தவர்கள் இருக்கும் விரதம், தந்தைக்கு ஆடி அமாவாசை. அம்மா இருக்கும்போது அது என் பட்டியலில் வரக் கூடாது, வரவும் இல்லை.

வடக்கே இந்தப் பருவத்தின் பெரிய விரதம் வசந்த நவராத்திரி. எங்கள் ஆபீசில் ஒரு லக்னோக்காரர் ஒன்பது நாளும் இருப்பார். இந்துப்பு, மரக்கோதுமை மாவு ரொட்டி, உருளைக்கிழங்கு என்று அவருக்கென்று தனி டப்பா. அவருக்குச் சைத்ர மாதம் ஹோலிக்கு மறுநாளே பிறந்துவிடுகிறது, பௌர்ணமியோடு மாதம் முடியும் கணக்கு. தெலுங்குக்காரருக்கும் கன்னடக்காரருக்கும் அமாவாசை முடிந்து யுகாதியன்றுதான் சைத்ரம். வருஷப் பிறப்பு மட்டும் இரண்டு பேருக்கும் ஒரே நாள். மாதத்தின் பெயரில் 15 நாள் சண்டை இருந்தாலும், திதி ஒன்றேதான்.

வீட்டில் இரண்டு பஞ்சாங்கம் வைத்துக்கொள்ளாதீர்கள். பாம்புப் பஞ்சாங்கமும் ஸ்ரீரங்கம் பஞ்சாங்கமும் வாக்கியக் கணக்கு. சந்திரனின் இருப்பைச் சொல்லும் 248 வாக்கியங்களை வைத்துத் தலைமுறைகளாகப் போடுவது. திருக்கணிதம் இன்றைய வானியல் அளவுகளை ஒட்டிப் போடுவது. இரண்டிலும் திதி முடியும் நேரம் சில மணி நேரம் கூட விலகும், சில மாதம் விரத நாளே மாறும். வானத்தில் நடப்பதோடு ஒத்துப்போவது திருக்கணிதம்தான். ஆனால் கோயிலோடு சேர்ந்து இருக்கும் விரதத்துக்குக் கோயில் எதைப் பார்க்கிறதோ அதைத்தான் நானும் பார்ப்பேன். நம் ஊர்க் கோயில்களில் அது பெரும்பாலும் வாக்கியம். தனியாக அபிஷேகம் செய்துகொண்டிருக்க முடியாது அல்லவா?

சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ போடுபவர்கள், கர்ப்பிணிகள், பால் கொடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் எதையும் தொடங்கக் கூடாது. தண்ணீரை மட்டும் யாருமே நிறுத்த வேண்டாம், கத்திரி வெயிலில் கட்டாயமாக. ஒரு பருக்கையும் தொடாமல் எல்லா ஏகாதசியும் இருக்க முடியாத பீமனுக்குத்தான் தண்ணீரும் இல்லாத நிர்ஜலா ஏகாதசி ஒன்றைக் கொடுத்தார்கள். நாம் பீமன் இல்லை. சமயபுரத்தில் மாசிக் கடைசி ஞாயிறு தொடங்கி 28 நாள் மாரியம்மனே பக்தர்களுக்காகப் பச்சைப் பட்டினி இருக்கிறாள். அவளுக்கும் அந்த நாட்களில் இளநீர், பானகம், நீர்மோர், துள்ளுமாவு உண்டு.

ஆகக் கடைசியில் நான் எடுத்தது சங்கடஹர சதுர்த்தி. ராம நவமியில் அரை நாள் பழகிப் பார்த்தேன், அடுத்து வந்த சதுர்த்தியில் தொடங்கினேன். காலைக் காபியை மட்டும் விடவில்லை. பால் சேர்த்ததுதானே என்று மாமியாரே தீர்ப்பு சொல்லிவிட்டார். ஓய்வு பெற்று, நாலு மணிக்கு எழுந்திருப்பது கஷ்டமாகத் தெரியாத வயதில் இருப்பவர் என்னைக் கேட்டால் ஏகாதசி என்றுதான் சொல்வேன். கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் வீடு, மாலையில் வேலை இல்லை என்றால் பிரதோஷம்.

அம்மாவிடம் சொல்லத்தான் கொஞ்சம் தயக்கம். அவருடைய விரதத்தை விட்டுவிட்டு மாமியார் பக்கம் சாய்ந்துவிட்டேன் என்று நினைப்பாரோ என்று, போனில் சுற்றி வளைத்துச் சொன்னேன். ஒரு நிமிஷம் பேச்சில்லை. அப்புறம், "சரி, உன்னால எது முடியுமோ இரு. ஆனா தசமிக்குக் கீரைக்காரன்கிட்ட ரெண்டு கட்டு அகத்தி சொல்லி வெச்சுடு, ஏகாதசி ராத்திரி ஆய வந்துடு" என்றார்.